பெர்லினில் நான் சொன்ன ஓம்

ஹனோவரில் எனக்கு முதல் அதிர்ச்சி முள்ளம்பன்றி வடிவத்தில் வந்தது. கருத்தரங்கு நடந்த பல்கலைக்கழகக் கட்டடத்தில், காலை உணவு மேசையின் நடுவே அது உட்கார்ந்திருந்தது. இளஞ்சிவப்பு உடம்பு, முதுகு முழுக்க வெங்காயக் கீற்று முட்கள், கண்ணுக்கு இரண்டு ஆலிவ் காய்கள். ஏதோ கேக் என்று நினைத்துக் கத்தியை எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற தர்ஷினி என் கையைப் பிடித்தாள்.

“மேம், அது பச்சைப் பன்றி இறைச்சி. அரைச்சு அப்பிடியே பாணிலை பூசிச் சாப்பிடுவினம்.”

“சமைக்காமலா?”

“சமைக்காமல்தான்.”

நான் அசைவம் சாப்பிடுகிறவள். தாமிரபரணிக் கரையில் மீனும் கறியுமாக வளர்ந்தவள். ஆனாலும் ஒரு பேராசிரியர் அந்த முள்ளம்பன்றியின் பின்பக்கத்தை வழித்து ரொட்டியில் தடவிக்கொண்டு, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலப் பருவநிலையைப் பற்றி என்னிடம் விசாரித்தபோது நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அன்று காலை வெறும் கருப்புக் காப்பியோடு மேடை ஏறினேன்.

நான் திருநெல்வேலியில் ஒரு மகளிர் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். அமெரிக்க அரசமைப்பு என் பாடம். அமெரிக்காவுக்குப் போனதே இல்லை. அமெரிக்க ஜனநாயகத்தின் வேர்களைப் பற்றிப் பேச ஜெர்மனியில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் சொன்னபோது, “பனங்கிழங்கைப் பத்திப் பேச பஞ்சாப்புக்குப் போற மாதிரி இருக்கு” என்றார் என் கணவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தர்ஷினி அந்தக் கருத்தரங்கை ஏற்பாடு செய்தவர்களில் ஒருத்தி. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு பெர்லினில் பிறந்தவள். என்னை விமான நிலையத்திலிருந்து தத்தெடுத்துக்கொண்டாள் என்றே சொல்ல வேண்டும்.

என் கட்டுரை வர்ஜீனியாவில் அந்தக் காலத்தில் தேர்தல் நடந்த விதம் பற்றியது. அமெரிக்கா என்று ஒரு நாடு பிறப்பதற்கு முன்பே அங்கே தேர்தல் இருந்தது. ஆனால் வாக்குச்சீட்டு கிடையாது. நீதிமன்றத்தில் மேசை போட்டு ஷெரிஃப் உட்கார்ந்திருப்பார். வேட்பாளர்களும் அதே மேசையில் இருப்பார்கள். வாக்காளர் ஒவ்வொருவராக வந்து, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, தன் வாக்கு யாருக்கு என்று உரக்கச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து குனிந்து நன்றி சொல்வார். வெளியே பன்றி வறுபடும், ரம் கலந்த பானம் வாளி வாளியாக வரும். செலவு வேட்பாளர்களுடையது. வாக்கு, நிலம் வைத்திருந்த வெள்ளை ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கில்லை, அடிமைகளுக்கில்லை. மனிதர் எல்லோரும் சமம் என்று பிற்பாடு எழுதிய கையும் அடிமைகளை வைத்திருந்த கைதான் என்று சொல்லும்போது, ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும்.

ஆனாலும் அந்த உரக்கச் சொல்லும் வழக்கத்தை நான் பாராட்டித்தான் எழுதியிருந்தேன். முகத்துக்கு நேரே பார்த்து வாக்களிக்க நெஞ்சுரம் வேண்டும், அந்த நெஞ்சுரம்தான் ஒரு குடியரசுக்கு அடித்தளம் என்பது என் முடிவு.

கடைசி வரிசையில் இருந்த ஒரு ஜெர்மன் மாணவன் கையைத் தூக்கினான். “அந்த வேட்பாளரிடம் கடன்பட்டவன் ஒருவன் அந்த மேசைக்கு முன்னால் வந்தால் என்ன சொல்வான்?” என்று கேட்டான்.

“துணிச்சல் இருந்தால் மனசில் உள்ளதைச் சொல்வான்” என்றேன், கொஞ்சம் கெத்தாகவே.

உடனே அறையில் இருந்தவர்கள் எல்லோரும் மேசையை மடமடவென்று தட்ட ஆரம்பித்தார்கள். நான் பயந்துபோய்த் தர்ஷினியைப் பார்த்தேன். நம் ஊர் சட்டசபையில் மேசை தட்டுவது கட்சிக்காரர்கள் வேலை. இங்கே பேராசிரியர்கள் தட்டினார்கள். கைதட்டுக்குப் பதில் அதுதான் மரியாதையாம். இறங்கி வந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். அதுவும் சோடாத் தண்ணீர்.

மறுநாள் பெர்லினுக்கு ரயில். தர்ஷினிக்குக் கருத்தரங்கு வேலை பாக்கி இருந்தது. வார இறுதியை அவளுடைய அப்பா அம்மா வீட்டில் கழிக்கும்படி என்னை அனுப்பிவைத்தாள். ஜெர்மன் ரயில் என்றால் அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்று எங்கள் வரலாற்றுத் துறைத் தலைவி சொல்லி அனுப்பியிருந்தார். ரயில் வரவில்லை. பிறகு வந்தது, வேறு பிளாட்பாரத்தில். எல்லோரும் பெட்டியை இழுத்துக்கொண்டு படியேறி இறங்கி ஓடினோம். ஏறிப் பார்த்தால் என் இருக்கை இருக்க வேண்டிய பெட்டியே அந்த ரயிலில் இல்லை. “இன்று அந்தப் பெட்டி வரவில்லை” என்று ஒலிபெருக்கியில் சாதாரணமாக அறிவித்தார்கள். கோட்டு சூட்டு போட்ட ஒருவர் கதவோரம் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். “உங்கள் நாட்டில் ரயில் எப்படி?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “தாமதமாக வரும், ஆனால் எல்லாப் பெட்டியோடும் வரும்” என்றேன். அவர் அதை மற்றவர்களுக்கு ஜெர்மனில் சொல்ல, கதவோரம் முழுக்கச் சிரித்தது.

பெர்லின் நிலையத்தில் தர்ஷினியின் அப்பா சிவநேசன் காத்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு, முன்கையில் வரிசையாகச் சூட்டுத் தழும்புகள். ஓர் இத்தாலிய உணவகத்தில் பிட்சா போடுகிறார். வாழ்நாளில் பாதிக்கு மேல் அந்த அடுப்புக்கு முன்னால்தான். “இத்தாலிக்கு ஒருக்காவும் போகேல்லை ரீச்சர்” என்றார். யாழ்ப்பாணத்தில் டீச்சர் ரீச்சராகிவிடுகிறார். எனக்கு அது பிடித்திருந்தது. அமெரிக்காவுக்குப் போகாத அமெரிக்க நிபுணியும் இத்தாலிக்குப் போகாத இத்தாலியச் சமையல்காரரும் பாதாள ரயிலில் ஏறி அவர்கள் வீடு இருக்கும் நொய்கெல்ன் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வீட்டில் அவர் மனைவி பவளம் புட்டும், தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்பும் வைத்திருந்தார். “வாங்கோ, இருங்கோ, கை கழுவிப்போட்டுச் சாப்பிடுங்கோ” என்று ஒரே மூச்சில் சொன்னார். என்ன கேட்டாலும் “ஓமோம்” என்பார்கள். அது நம்முடைய ஆமாம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் செய்த காரியத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சனிக்கிழமை மூவருமாக நாடாளுமன்றம் பார்க்கப் போனோம். கூரையில் ஒரு கண்ணாடிக் குவிமாடம். உள்ளே சுற்றிச் சுற்றி மேலே நடக்கலாம். கீழே குனிந்தால் உறுப்பினர்கள் உட்காரும் அவை தெரிகிறது. சட்டம் இயற்றுகிறவர்களின் தலைக்கு மேலே யார் வேண்டுமானாலும் ஐஸ்கிரீம் தின்ற வாயோடு நடக்கலாம். நம் ஊரில் வட்டாட்சியர் அறையின் கதவைத் தள்ளவே சிபாரிசு தேடுகிறோம். எனக்குத் தலை சுற்றியது, உயரத்தால் மட்டுமல்ல.

இறங்கி வந்து புல்வெளியில் நின்று முகப்பைப் பார்த்தோம். தூண்களுக்கு மேலே பெரிய எழுத்தில் ஏதோ செதுக்கியிருந்தது.

“ஜெர்மன் மக்களுக்கு எண்டு போட்டிருக்கு” என்றார் சிவநேசன். “தர்ஷினி சின்னனிலை இதிலை நிண்டு கேட்டவள், அப்பா, நீங்கள் அந்த மக்களுக்குள்ளை இருக்கிறீங்களோ எண்டு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஐஸ்கிறீம் வாங்கிக் குடுத்தனான்.”

அப்போதுதான் பவளம் சொன்னார், தானும் மகளும் ஜெர்மன் குடியுரிமை வாங்கிவிட்டதாகவும் கணவர் மட்டும் வாங்கவில்லை என்றும். “முதல் ஊர்ப் பேப்பர் ஒண்டு வரேல்லை. பிறகு மொழிச் சோதினை. ரெண்டு தரம் ஃபெயில். பிறகு குடியுரிமைக் கந்தோரிலை வரச்சொல்லிக் குடுக்கிற டெர்மின் நேரம் எல்லாம் கடையிலை சனம் கூடின நேரம். அடுப்பை விட்டுட்டு இவர் போகமாட்டார். எலெக்சன் நாளிலை நானும் பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்குள்ளை போய் வோட் போட, இவர் வெளியிலை எங்கடை குடையையும் பிடிச்சுக்கொண்டு நிப்பார்.”

“அப்போ நீங்க ஊர்ல போட்டதோட சரியா?” என்று கேட்டேன்.

“அங்கையும் இல்லை ரீச்சர். பதினேழு வயசிலை வெளிக்கிட்டனான். அங்கை வயசு காணாது. இஞ்சை பாஸ்போட் காணாது.”

“ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லையா? வாழ்க்கையிலேயே?”

“ஒருக்காவும் இல்லை.”

எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சியாக இருந்தது. வாக்குரிமை இல்லாதவர்களைப் பற்றி ஆயிரம் முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அவர்கள் எப்போதும் வேறொரு நூற்றாண்டில்தான் இருந்தார்கள். இவர் என் பக்கத்தில் மனைவியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? பிரதிநிதி இல்லாமல் வரி கட்டமாட்டோம் என்றுதான் அமெரிக்கர்கள் இங்கிலாந்து ராஜாவோடு சண்டையை ஆரம்பித்தார்கள் என்று புல்வெளியிலேயே வகுப்பெடுத்தேன்.

“நானும் கனகாலமாய் வரி கட்டுறன்” என்றார் சிவநேசன். “அவை என்ன செய்தவை?”

“கப்பல்ல வந்த தேயிலையைப் பெட்டி பெட்டியாத் தூக்கிக் கடல்ல போட்டாங்க.”

“ஐயோ, எங்கடை தேயிலையையோ?” என்று பதறினார் பவளம்.

“இல்லீங்க, சீனத் தேயிலை.”

“அப்ப பரவாயில்லை.”

திரும்பும் பஸ்ஸில் சிவநேசன் மெல்லச் சொன்னார், தனக்கும் ஓர் இடத்தில் வாக்கு உண்டு என்று. அவர்களுடைய அம்மன் கோயில் சங்கத்தில். ஜெர்மன் சட்டப்படி பதிவு செய்த சங்கம் அது. உறுப்பினர் எல்லோருக்கும் வாக்கு உண்டு. “ஆனால் அங்கையும் பேப்பரிலை ஒருநாளும் போட்டதில்லை. எல்லாம் வாயாலைதான். நாளைக்குக் கூட்டம். யாப்பு மாத்தப் போகினம்.”

“யாப்பா? வெண்பா யாப்பையா மாத்துறாங்க?” என்றேன். எனக்கு யாப்பு என்றால் சீரும் தளையும்தான். இலங்கைத் தமிழில் அரசமைப்புக்கு யாப்பு என்று பெயராம். இத்தனை ஆண்டு அரசமைப்பு நடத்தியும் இவ்வளவு நல்ல சொல் என் காதில் விழவில்லையே என்று இருந்தது. கட்டிவைப்பது யாப்பு. கட்டு இல்லாவிட்டால் கவிதையும் இல்லை, அரசும் இல்லை.

விஷயம் இதுதான். சங்கத்தின் யாப்பில் ஒரு விதி இருக்கிறது. தலைவராக இருப்பவர் இரண்டு தவணைக்கு மேல் இருக்கக் கூடாது. இப்போதைய தலைவர் குணம் அண்ணைக்கு இரண்டாவது தவணை முடிகிறது. அவரே தொடர வேண்டும், அதற்காக விதியை எடுத்துவிடலாம் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள்.

குணம் அண்ணை கெட்டவர் இல்லை, அதில்தான் சிக்கலே. பெர்லின் இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் இலங்கைத் தமிழர்கள் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வருவார்களாம். பதினேழு வயதுச் சிவநேசன் அப்படி வந்து, மொழி தெரியாமல் நிலையத்தில் விழித்துக்கொண்டு நின்றபோது, “தம்பி, தமிழோ?” என்று கேட்டுத் தன் அறைக்குக் கூட்டிப்போனவர் அவர். பிட்சாக் கடையில் சேர்த்துவிட்டவர் அவர். அலுவலகம் அலுவலகமாகக் கூடவே போனவர் அவர். பழைய கம்பளக் கிடங்கு ஒன்றைப் பிடித்து அதைக் கோயிலாக்கியவரும் அவரே. விருந்தாளியாக வந்தவள் என்றாலும் என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி இரண்டு தவணை முடிந்ததும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார், அவரை ராஜாவாக்கலாம் என்றுகூட முன்பு சிலர் நினைத்தார்கள், அவர் கேட்கவில்லை என்றேன். பின்னால் வந்தவர்கள் அதை வெறும் வழக்கமாகவே வைத்திருந்தார்கள், ஒருவர் நான்கு முறை ஜெயித்த பிறகுதான் சட்டமாக்கினார்கள் என்றும் சொன்னேன்.

“உங்களுக்கு என்ன தோணுது?” என்று சிவநேசனிடம் கேட்டேன்.

“எனக்கு என்ன தோன்றினாலும் அண்ணையின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு வேறை என்னத்தைச் சொல்லுறது ரீச்சர்?”

“உங்களுக்கேன் உந்தக் கதை?” என்றார் பவளம். “எல்லாரும் சொல்லுறதைச் சொல்லிப்போட்டு வாங்கோ.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஹனோவர் மாணவன் கேட்ட அந்தக் கடன்பட்டவர் இதே பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்து அன்னதானம். அன்றைய உபயம் குணம் அண்ணையுடையது. வடை, பாயாசம், நான்கு வகைக் கறி. வெள்ளை வேட்டியும் நரைத்த மீசையுமாக அவரே பந்தியில் நின்று பாயாசம் ஊற்றினார். “இந்தியாவிலை இருந்து வந்த ரீச்சருக்கு இன்னொருக்கா விடுங்கோ” என்று என் கிண்ணத்தில் இரண்டாம் முறையும் ஊற்றவைத்தார். வர்ஜீனியாவின் ரம் வாளி ஒரு கணம் கண்முன் வந்தது. பாயாசம் நன்றாக இருந்ததால் அதை உடனே மறந்தேன்.

பிறகு அதே மண்டபத்தில் கதிரைகளை, அதாவது நாற்காலிகளை, வரிசையாகப் போட்டார்கள். எதிரே அம்மன், திரை மூடவில்லை. கற்பூர வாசனை அடங்கவில்லை. தேவாரம் பாடிக் கூட்டத்தைத் தொடங்கினார்கள். நான் பவளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். பக்தி பாதி, பாயாசம் பாதி. செயலாளராக இருந்த ஒரு பெண் யாப்பிலிருந்து ஏதோ வாசித்துக்கொண்டே போனது கொஞ்ச தூரம் காதில் விழுந்தது. அதன்பின் இல்லை.

திடீரென்று மண்டபம் அதிர “ஓம்!” என்ற முழக்கம். தூக்கிவாரிப் போட்டது. கண்ணைத் திறக்கவில்லை, திறக்க முடியவில்லை. கோயில், கற்பூரம், தேவாரம், இப்போது ஓம். பிரார்த்தனை ஆரம்பித்துவிட்டது, நான் பிந்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எங்கோ ஒரு கைமணி வேறு கிணுகிணுத்தது. யாரோ மெதுவாக என்னவோ கேட்டார்கள். எல்லோரும் அமைதியானார்கள். அந்த அமைதியில், நான் கைகளைக் கூப்பி, அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

“ஓ…ம்.”

பவளம் என் தொடையில் கிள்ளினார். கண்ணைத் திறந்தேன். மண்டபத்தில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பியிருந்தன. மேடையில் குணம் அண்ணை கைமணியைப் பிடித்தபடி உறைந்து நின்றார்.

“விதியை எடுக்க எல்லாரும் ஓம் எண்டவை. பிறகு, இதுக்கு எதிர்ப்பான ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு அண்ணை கேட்டவர்” என்று பவளம் என் காதில் சொன்னார். “நீங்கள் ஓம் எண்டுட்டீங்கள்.”

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. எழுந்து நின்றேன். “அய்யோ, மன்னிச்சுக்கங்க, நான் சாமி கும்பிடுறாங்கன்னு நினைச்சு…” என்று உளறினேன். சிரிப்பு ஒரு மூலையில் ஆரம்பித்து மண்டபம் முழுக்கப் பரவியது. குணம் அண்ணையும் சிரித்தார். பெருந்தன்மையான சிரிப்புத்தான்.

“பரவாயில்லை ரீச்சர், இருங்கோ. விருந்தாளியின்ரை குரல் கணக்கிலை வராது. அப்ப ஒருத்தருக்கும் எதிர்ப்பில்லை. எழுதுங்கோ பிள்ளை.”

செயலாளர் பேனாவைத் திறந்தார். அப்போது ஆண்கள் வரிசையில் ஒரு கதிரை பின்னால் நகரும் சத்தம்.

“ஒரு நிமிசம் அண்ணை” என்றார் சிவநேசன். எழுந்து நின்றிருந்தார். இரண்டு கையாலும் முன்னால் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்திருந்தார். “பேப்பரிலை போடுவம்.”

சிரிப்பு நின்றுவிட்டது.

“சிவநேசா, நீயோ?” என்றார் குணம் அண்ணை. அந்த இரண்டு சொல்லில் ரயில் நிலையமும் பிட்சாக் கடையும் எல்லாமே இருந்தன. “உனக்கு எதிர்ப்பெண்டால் இதிலை சொல்லன்.”

“எதிர்ப்பெண்டு நான் சொல்லேல்லை. ஓம் எண்டும் சொல்லேல்லை. பேப்பரிலை சொல்லுறன்.”

“விசரே உங்களுக்கு? இருங்கோ” என்று பவளம் வரிசை தாண்டிக் கேட்கும்படி அதட்டினார். அவர் உட்காரவில்லை. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. என் தூக்கக் கலக்கத்தால் ஒரு மனிதருக்கு இப்படி ஒரு நிலை வந்துவிட்டதே என்று பயந்தேன்.

செயலாளர் யாப்பைப் புரட்டினார். “ஓர் உறுப்பினர் கேட்டாலும் இரகசிய வாக்கெடுப்பு வைக்கத்தான் வேணும் அண்ணை. போட்டிருக்கு.”

குணம் அண்ணை கைமணியை மேசையில் வைத்தார். அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும், யாரும் எதிர்த்திருக்க மாட்டார்கள். அவர் போடவில்லை. “யாப்பிலை இருந்தால் செய்யத்தானே வேணும்” என்றார். முகம் இருண்டுவிட்டது.

வாக்குச்சீட்டுக்கு எங்கே போவது? அர்ச்சனைச் சீட்டுகளின் பின்பக்கம் வெற்றுத் தாள். அதை எடுத்தார்கள். விதியை எடுக்கச் சம்மதம் என்றால் ஓம், இல்லாவிட்டால் இல்லை என்று எழுத வேண்டும். பெட்டிக்கு, கழுவித் துடைத்த பாயாச வாளி. மறைவுக்கு, மண்டபத்து ஓரத்தில் திருவிழாவுக்காக நின்ற அம்மனின் சிங்க வாகனம். நாலு பேர் சேர்ந்து அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்கள். ஒவ்வொருவராகச் சிங்கத்துக்குப் பின்னால் போய் எழுதிக்கொண்டு வந்தார்கள். முதலில் எல்லோருக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது. உள்ளே போனபோது சிரித்துக்கொண்டு போனவர்கள் வெளியே வரும்போது சிரிக்கவில்லை.

சிவநேசன் முறை வந்தது. சிங்கத்துக்குப் பின்னால் போனவர் வரவே இல்லை. “உள்ளை தேவாரம் எழுதுறியளோ?” என்று யாரோ கேலி செய்தார்கள். கடைசியில் வந்தார். சீட்டை எத்தனை மடிப்பு மடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலும், மடித்து மடித்து சுண்டு விரல் நகம் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். வாளிக்கு மேலே அதைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுப் போட்டார். போட்டபின் உள்ளே குனிந்து பார்த்தார், சரியாக விழுந்ததா என்று. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் பதினெட்டு வயதில் போட்ட முதல் ஓட்டு எந்தச் சின்னத்துக்கு என்பதுகூட எனக்கு மறந்துபோயிற்று.

எண்ணினார்கள். செயலாளர் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். ஓம். ஓம். இல்லை. ஓம். இல்லை. இல்லை. யாப்பை மாற்ற நாலில் மூன்று பங்கு வேண்டும். ஓம் பாதியைத்தான் கொஞ்சம் தாண்டியது.

நான் அதிர்ந்துபோனேன். குணம் அண்ணையும்தான். கொஞ்சம் முன்னால் மண்டபம் அதிர ஒரே குரலாக ஓம் என்றவர்கள்தான் இவர்கள். வெளியிலிருந்து ஒருவரும் வரவில்லை. அதே வாய்கள், அதே பாயாசம். சிங்கத்தின் முதுகு மறைத்த அந்த ஒரு நிமிடத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேறு சொல்லை எழுதியிருக்கிறார்கள். ஹனோவரில் மேசை தட்டல் வாங்கிய என் கட்டுரை அந்த வாளிக்குள் போயிற்று. வர்ஜீனியாவில் வாக்காளர்கள் உரக்கச் சொன்னதையெல்லாம் அவர்கள் மனம் என்று நம்பிவிட்டேனே, நான் எவ்வளவு பெரிய மடைச்சி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

“சரி, விதி விதிதான்” என்று மட்டும் சொல்லிக் கூட்டத்தை முடித்தார் குணம் அண்ணை.

இதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் சிவநேசன் குடும்பத்தைக் காரில் வீட்டில் கொண்டுவிடுவது குணம் அண்ணைதானாம். பஸ்ஸில் போகிறோம் என்று பவளம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “ஏறுங்கோ” என்றார் அவர். ஏறினோம். முன்னால் அவரும் சிவநேசனும், பின்னால் பவளமும் நானும். என் மடியில் கோயிலில் கொடுத்த வடைப் பொட்டலம் இருந்தது. அதைப் பிரிக்கும் தைரியம்கூட எனக்கு வரவில்லை.

ஒரு சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. குணம் அண்ணை சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

“சிவநேசா, நீ என்னெண்டு எழுதினனி?”

பவளம் என் கையை இறுக்கிப் பிடித்தார். சிவநேசன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“அண்ணை, நீங்கள் எனக்குச் செய்ததுக்கு என்ன கேட்டாலும் நான் தருவன். இதை மட்டும் கேக்காதேங்கோ. சொல்ல ஏலாது.”

“ஓம் எண்டு எழுதியிருந்தால் சொல்லலாம்தானே?”

“அதையும் சொல்லமாட்டன். எதை எழுதியிருந்தாலும் சொல்லமாட்டன்.”

விளக்கு பச்சையானது. வண்டி நகரவில்லை. குணம் அண்ணை திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற கார் ஒரு தடவை ஒலித்தது, பிறகு நீளமாக ஒலித்தது. அவர் வண்டியை எடுத்தார்.

வீட்டு வாசலில் நாங்கள் இறங்கினோம். கதவைச் சாத்தியதும் அவர் ஜன்னலை இறக்கினார்.

“சரி, புதுத் தலைவருக்கு எலெக்சன் வைக்கவேணும். அர்ச்சனைச் சீட்டிலை எல்லாம் ஏலாது, ஒழுங்காப் பேப்பர் அடிப்பம்.” சிவநேசனை ஏறிட்டுப் பார்த்தார். “நீயே நில்லன் சிவநேசா. நான் வேண்டாம் எண்டு சொல்லமாட்டன்.”

சிவநேசன் மிரண்டுபோனார். கைகள் இரண்டையும் காருக்குள் நீட்டி ஆட்டினார்.

“ஐயோ அண்ணை, நான் நிண்டால் என்ரை வோட் ஆருக்கெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்!”